முளமூட்டுக்குக் கிடைத்த இரண்டு நிமிடம்

டெல்சிபாய்க்குப் படபடப்பும் கோபமும் கலந்த வெப்ராளம் வந்தால் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். நர்சு வேலை பார்த்த காலத்துப் பழக்கம். அப்போதெல்லாம் அப்படிச் செருகினால் யாருக்கோ இடுப்பு வலி கண்டுவிட்டது என்று அர்த்தம். எம்.பி. ஆன பிறகு, யாரோ ஓர் அதிகாரி ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

இரணியலுக்குப் பக்கத்தில் ஓட்டுக் கம்பெனித் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவள். நெய்யூரில் நர்சிங் படித்தாள். அரசாங்கத்தில் கிராம நர்சு வேலை கிடைத்தபோது சிபாரிசுக்கு ஆள் இல்லாததால், யாரும் போக விரும்பாத இடத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில், காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஒன்பது குடியிருப்புகள். அங்கே இருப்பவர்கள் காணிக்காரர்கள் என்ற மலைமக்கள். வள்ளத்தில் அணையைத் தாண்டி, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீரைக் காலில் தேய்த்துக்கொண்டு ஒன்பது வருடம் நடந்தாள். நடந்து நடந்து அந்த மலையின் ஒவ்வொரு மேடும் அவள் முழங்காலுக்கு மனப்பாடம். அவள் கையில் பிறந்த பிள்ளைகளை மட்டும் சேர்த்தால் ஒரு வார்டு தேறும் என்று கட்சிக்காரர்கள் பின்னாளில் மேடையில் சொன்னது முழுப் பொய்யில்லை.

அவள் அரசியலுக்கு வந்ததும் ஆசைப்பட்டு அல்ல. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருந்தவளை மகளிர் ஒதுக்கீட்டு வார்டுக்கு ஆள் வேண்டும் என்று இழுத்து நிறுத்தினார்கள். ஒன்றியக் கவுன்சிலர் ஆனாள். நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே தொகுதிக்காக ஒருவர் வேட்டியை ஒருவர் உருவிக்கொண்டு நின்றார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் காலை வாரிவிடுவார் என்பதால், இரண்டு பேருக்கும் பகையில்லாத மூன்றாவது பெயர் ஒன்று தேவைப்பட்டது. ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டுப் போவாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அவர்கள் கணக்கு அதோடு தப்பியது.

ஜெயித்து இரண்டு மாதம் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் டெல்சிபாய் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தபோது அஜிஷா வந்தாள். முளமூடு என்ற குடியிருப்பின் அங்கன்வாடி ஊழியர். காணிப்பெண், வயது இருபத்தாறு. ஒன்பது குடியிருப்புகளில் கல்லூரி முடித்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி. பிறந்தபோது தொப்புள்கொடியை அறுத்தது டெல்சிபாய்தான்.

“அப்பாக்க காலை எடுத்தாச்சி, சிஸ்டரம்மா,” என்றாள் அஜிஷா.

டெல்சிபாய் கையை உதறிவிட்டு எழுந்தாள். “என்ன பிள்ளே சொல்லுக? மாத்தனுக்கா?”

அஜிஷா அழவில்லை. ரேஷன் கடையில் சரக்கு வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அப்பா மாத்தன் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போனார். அணலிப் பாம்பு கடித்தது. குடியிருப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டுமே. முளமூட்டில் போன் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி வடக்கு ஓரத்தில் நின்றால் ஒரு கம்பி, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு கம்பி கிடைக்கும். அன்றைக்கு மழை. பாறையில் ஏறிய பையன் வழுக்கி விழுந்து போனையும் உடைத்தான். வேறு வழியில்லாமல் வள்ளத்தில் இக்கரைக்கு வந்து, அங்கிருந்து கூப்பிட்டு, வண்டி வந்து சேர்வதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் தப்பியது. வலது பாதம் அழுகி, கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

“அங்கன்வாடியில கொச்சுங்கள போட்டோ எடுத்து தெனமும் ஆப்பில ஏத்தணும். அதுக்கும் பாறையில ஏறணும். ஒரு நாளு ஏத்தல்லன்னா ஆப்சென்ட். நான் ஏறும்ப கொச்சுங்கள யாரு பாக்கியது? அரிசி வாங்கப் போனா மெஷினில வெரலு பதியல்ல. வெரலு பதிஞ்சா நெட்டு இல்ல. ஒரு டவரு கேட்டு எத்தன மனு குடுத்தாச்சி! நீங்க இப்ப டெல்லிக்குப் போறியள்லா? கேக்கியளா, மாட்டியளா?”

கேட்பேன் என்று டெல்சிபாய் சொன்னாள். ஒரு டவர்தானே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள். நாடாளுமன்றத்தில் போய்ச் சொன்னால் நாடே கேட்கும் என்று நம்பிய கடைசி நாள் அது.

டெல்லியில் அவளுக்குத் துணையாகப் போனவர் ஞானதாசன். தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனுவில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால்கூட அவருக்குத் தூக்கம் வராது. பூஜ்ய நேரத்தில் பேச முதல்நாளே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும், தமிழில் பேசுவதென்றால் அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா விதியையும் அவர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

முதல் கூட்டத்தொடரில் நான்கு முறை நோட்டீஸ் கொடுத்தார்கள். நான்கு முறையும் பெயர் வரவில்லை. ஐந்தாவது முறை பட்டியலில் பதினேழாவது பெயராக வந்தது. டெல்சிபாய் முதல்நாள் சாயங்காலமே வெளுத்த கைத்தறிச் சேலையைத் தேய்த்து வைத்து, பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் எட்டு முறை சொல்லிப் பார்த்தாள். மறுநாள் சபை கூடிய பன்னிரண்டாவது நிமிடம், அவள் கட்சிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு விஷயத்துக்காக எதிர்வரிசை எழுந்து கத்தியது. இந்த வரிசை திருப்பிக் கத்தியது. பன்னிரண்டு மணிவரை ஒத்திவைத்தார்கள். பிறகு இரண்டு மணிவரை ஒத்திவைத்தார்கள். அதோடு அன்றைய சபை முடிந்தது.

வீட்டில் கணவர் ஜஸ்டஸ் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். போன் செய்தார்.

“ஏட்டி, நீ வாயத் தொறக்கவே இல்லியே?”

“தொறக்க விட்டாத்தானே!”

“ஒரு பஸ்ஸில அறுவது பேரு ஒரே நேரம் கத்துனாலும் நான் டிக்கெட் குடுத்தேனே. அங்க ஒரு மனுசனாலயும் முடியல்லியா?”

டெல்சிபாய் போனை வைத்துவிட்டாள். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

குளிர்காலக் கூட்டத்தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தே வந்தது. இரண்டு நிமிடம். எழுந்தாள், வணக்கம் சொன்னாள். மாத்தனின் காலைப் பற்றிச் சொன்னாள். பாறையைப் பற்றிச் சொன்னாள். அரிசிக்கு விரல் பதியாத கிழவிகளைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது காணிக் குடியிருப்புகளுக்கும் தொலைபேசிக் கோபுரம் வேண்டும் என்று சொல்லி மூச்சு விடும்போது மணி அடித்தது. “இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்” என்று அவள் தொடர்ந்தபோது மைக் நின்றுபோயிருந்தது. அந்தக் கடைசி வாக்கியம் பக்கத்தில் இருந்த ராஜஸ்தான்காரருக்கு மட்டும் கேட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மேசையைத் தட்டினார்.

ஞானதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பேசியாச்சி, சிஸ்டர். பதிவாயாச்சி. இனி அவிய பதில் சொல்லியே ஆகணும்,” என்றார்.

பதில் ஏழு வாரம் கழித்து வந்தது. கெட்டியான தாள், முத்திரை, அமைச்சரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. முன்னறையில் வைத்து ஞானதாசன் வாசித்தார். முதல் வரி, மாண்புமிகு உறுப்பினர் எழுப்பிய முக்கியமான பிரச்சினைக்கு நன்றி. இரண்டாவது வரியில் அவர் குரல் தாழ்ந்தது. மூன்றாவது வரியில் நின்றேவிட்டார்.

“என்ன சார்? வாசியும்.”

“நிலம் மாநில அரசுக்க அதிகாரத்தில வரும், அதனால நிலம் சம்பந்தமான கோரிக்கைய மாநில அரசிட்ட வைக்கணும்னு எழுதியிருக்காவ.”

“நிலமா? நான் எப்ப நிலம் கேட்டேன்?”

ஞானதாசன் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி நேராகப் பார்த்தார். மெதுவாகத்தான் அவருக்குப் புரிந்தது. காணி. காணி என்றால் நிலம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. அவள் பேசிய தமிழ், அவர்கள் கொடுத்த ஆங்கிலக் குறிப்பு, அங்கிருந்து இன்னொரு தாள், அதிலிருந்து இன்னொரு தாள் என்று கை மாறிய வழியில் எங்கேயோ காணி மக்கள் காணாமல் போய், ஒன்பது துண்டு நிலம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் மாறியது என்று கடைசிவரை தெரியவில்லை. தன் குறிப்பை எடுத்துப் பத்து முறை பார்த்தார். அதில் சரியாகத்தான் இருந்தது.

டெல்சிபாய் முந்தானையைச் செருகினாள். “ஒரு மனுசனுக்க காலு போனதச் சொன்னேன். அந்தக் காலு எந்த சர்வே நம்பர்ல கெடக்குன்னு நெனச்சாவ?”

அந்த வாரமே அஜிஷாவிடமிருந்து போன் வந்தது. பாறையிலிருந்து. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கத்தினாள்.

“சிஸ்டரம்மா, நீங்க பேசுன வீடியோவ இக்கரையில எல்லாரும் பாத்தாவளாம். எங்க ஆளுவ யாருமே பாக்கல்ல. லோடாவ மாட்டங்குது. அப்பா கேக்காரு, எனக்க காலப் பத்தி எனக்கே தெரியாம என்ன பேசினாவன்னு!”

“பாக்காண்டாம் மக்ளே,” என்றாள் டெல்சிபாய். “பாத்தா நிலம் குடுப்பாவ.”

அஜிஷாவுக்கு அது விளங்கவில்லை. விளக்குவதற்குள் லைன் அறுந்தது.

வாய்ப்பேச்சில் சொல் மாறிவிடும் என்றால் எழுத்தில் கொடுப்போம் என்று ஞானதாசன் யோசனை சொன்னார். சபையில் எழுத்துமூலம் ஒரு விஷயத்தைத் தாக்கல் செய்ய விதி இருக்கிறது. அவரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதினார். காணிக்காரர் என்போர் பழங்குடியினர் என்று முதல் வரியிலேயே வைத்தார். நிலம் என்ற சொல்லே எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். முதலில் ஒரு குடியிருப்புக்காவது வழி பிறக்கட்டும் என்று முளமூட்டின் பெயரை மட்டும் தெளிவாகக் குறிப்பிட்டார்கள்.

இந்த முறை பதில் மூன்றே வாரத்தில் வந்தது. டெல்சிபாய்க்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவளே பிரித்து வாசித்தாள். மேற்படி ஊரில் நான்கு கோபுரங்கள் நல்ல நிலையில் இயங்குகின்றன, 4ஜி சேவை முழுமையாகக் கிடைக்கிறது, ஆகவே புதிய கோபுரம் அவசியமில்லை.

“நாலு டவரா? முளமூட்டிலயா?”

ஞானதாசன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “முளகுமூடு, சிஸ்டர். தக்கலைக்குப் பக்கத்தில இருக்குல்லா. இங்கிலீஷில பாத்தா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். நடுவில ரெண்டே ரெண்டு எழுத்துதான் வித்தியாசம்.”

டெல்சிபாய் கடிதத்தைக் கீழே போட்டாள். எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஜஸ்டஸ் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, “சார், செத்த நேரம் வெளிய நிப்பம், வாரும்,” என்று ஞானதாசனைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தொடரின்போது அவள் நேராக அந்தத் துறையின் அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனாள். கையில் வரைபடம். அதில் முளகுமூட்டைப் பச்சையிலும் முளமூட்டைச் சிவப்பிலும் ஞானதாசன் வட்டமிட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு அணை கிடந்தது. அதிகாரி மரியாதையானவர். டீ வரவழைத்தார். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கேட்டார், முளமூட்டின் கிராமக் குறியீட்டு எண் என்ன?

அது குடியிருப்பு, தனிக் கிராமம் இல்லை, எண் கிடையாது என்று ஞானதாசன் ஆங்கிலத்தில் சொன்னார். எண் இல்லாவிட்டால் கோபுரம் வேண்டிய ஊர்களின் பட்டியலில் ஏற்ற முடியாது என்றார் அதிகாரி. பட்டியல் மாவட்டத்திலிருந்து வர வேண்டும். ஊருக்குத் திரும்பி மாவட்டத்தில் கேட்டால், பட்டியல் டெல்லியிலிருந்து வரும், நாங்கள் சரிபார்த்து அனுப்புவதோடு சரி என்றார்கள். மேலும், அந்தக் காடு முழுவதும் ஒரே வருவாய்க் கிராமத்தில் அடங்கும். அந்தக் கிராமத்தின் அடிவாரத்தில் ஒரு டவர் இருக்கிறது. ஆகவே கிராமத்துக்குச் சேவை உண்டு. கிராமத்துக்கு உண்டு என்றால் அதற்குள் இருக்கும் முளமூட்டுக்கும் உண்டு.

“அப்ப அங்க ஆளு போன் பேச முடியல்லன்னா?” என்று டெல்சிபாய் கேட்டாள்.

“ரெக்கார்டுபடி முடியும், மேடம்,” என்றார் மாவட்ட அலுவலகத்தில் இருந்த அலுவலர். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அப்படி நம்பித்தான் சொன்னார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. இதற்கிடையில் அஜிஷாவின் ஊழியப் பதிவில் நாற்பத்தோரு நாள் ஆப்சென்ட் ஏறிவிட்டது. மாத்தனுக்கு மரக்கால் வந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு மறுபடி பால் வெட்டப் போனார். டெல்சிபாய் ஒருமுறை பார்க்கப் போனபோது, மரக்காலைத் தட்டிக் காட்டி, “இனி இதில அணலி கடிச்சா அதுக்காக்கும் பல்லு போவும்,” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சிரிப்பு, திட்டியதைவிடச் சுட்டது. கூடவே நின்ற அஜிஷா சிரிக்காமல், “நீங்க என்னதான் செய்யுகியோ அங்க?” என்று கேட்டாள்.  நோட்டீஸ் எண்களை ஒப்பிக்கவா முடியும்?

மூன்றாவது வருடத்து மழைக்காலக் கூட்டத்தொடரில் மறுபடி ஒரு இரண்டு நிமிடம் கிடைத்தது. இந்த முறை அவள் உருக்கமாக எதுவும் பேசவில்லை. காணி என்றால் மனிதர்கள், நிலம் அல்ல என்றாள். முளமூடு வேறு, முளகுமூடு வேறு என்றாள். அந்தக் காட்டில் போன் எடுக்கும் என்று சொல்கிற அதிகாரி யாராக இருந்தாலும் அங்கே போய் நின்று தன் வீட்டுக்கு ஒரு போன் செய்யட்டும், செய்துவிட்டால் நான் இந்தக் கேள்வியை இனி எழுப்ப மாட்டேன் என்றாள். மணி அடிப்பதற்கு ஒன்பது விநாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். யாரும் மேசையைத் தட்டவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒரு தமிழ்ச் செய்தி சேனல் அந்தச் சவாலை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டது. அடுத்த மாதம் ஆய்வுக்குழு வரும் என்று கடிதம் வந்தது.

குழு என்றால் இரண்டு பேர். சென்னையிலிருந்து வந்த மூத்த பொறியாளர் ஒருவர், அவருக்குக் கீழே ஒருவர். பளபளவென்று ஷூ. அணைக் கரையில், வள்ளத்துறையில் காரை நிறுத்திவிட்டு, மூத்தவர் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

“நாலு பார் காட்டுதே மேடம்,” என்றார். “கவரேஜ் இருக்கு. போட்டோ எடுத்துக்கலாம்.”

இளையவர் போட்டோ எடுத்தார். இருவரும் காரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

டெல்சிபாயின் கை தானாக முந்தானைக்குப் போனது. “சார், இது கரை. ஊரு அக்கரையில இருக்கு.”

“தெரியும் மேடம். ஆனா இதே வில்லேஜ்தானே? எங்களுக்கு அஞ்சு மணிக்கு ஃப்ளைட்.”

“எனக்கு அம்பத்தொம்பது வயசு. ரெண்டு முட்டும் தேஞ்சாச்சி. நான் வாறேன். நீங்க வள்ளத்தில ஏறுங்க.”

குரல் உயரவில்லை. பிரசவ அறையில் பயந்து நிற்கும் புருஷன்மாரை வெளியே போகச் சொல்கிற அதே குரல். மூத்தவர் ஒரு கணம் காரைப் பார்த்தார், ஒரு கணம் அவளைப் பார்த்தார். ஏறினார்.

வள்ளம் பாதி அணை தாண்டுவதற்குள் அவர் போனில் ஒவ்வொரு கம்பியாக இறங்கி மறைந்தது. அவர் அதை இரண்டு மூன்று முறை ஆட்டிப் பார்த்தார். அக்கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஏற்றம். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் பாதை முழுக்க அட்டை. முதல் கிலோமீட்டரில் இளையவரின் வெள்ளை சாக்ஸ் சிவந்துவிட்டது. டெல்சிபாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று ஏறினாள். உதவிக்குக் கை நீட்டியவர்களைக் கோபமாகப் பார்த்தாள்.

முளமூட்டை அடைந்தபோது மணி இரண்டு. அஜிஷா பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் மூத்த பொறியாளருக்கு நினைவு வந்தது, ஐந்து மணி விமானத்தைப் பிடிக்க முடியாது; டிக்கெட்டை மாற்ற வேண்டும்; வீட்டுக்கும் சொல்ல வேண்டும், அன்றைக்கு மகளின் பிறந்தநாள்.

“போன் எங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

 அஜிஷா கையை நீட்டிப் பாறையைக் காட்டினாள்.

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். மாத்தன் கீழே நின்று, “வலத்த கால அந்தப் பொந்தில வையும் சார், பைய, பைய,” என்று வழி சொன்னார். மேலே போனால் அங்கே ஏற்கெனவே நாலு பேர். கல்லூரி விண்ணப்பம் அனுப்ப ஒரு பெண், கேரளாவில் வேலை செய்யும் மகனோடு பேச ஒரு தாய், இன்னும் இரண்டு பேர். வடக்கு ஓரத்தில் ஒரு ஆள் மட்டும்தான் நிற்க முடியும். வரிசையில் நின்றார். ஐம்பது நிமிடம் நின்றார். அவர் முறை வந்து, மனைவி எடுத்து, “ஹலோ” என்றதும் லைன் அறுந்தது. மறுபடி போட்டார். மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை அவர் கத்தியது கீழே அங்கன்வாடிவரை கேட்டது.

இறங்கி வந்தவர் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்தார். உள்ளங்கை சிராய்த்திருந்தது. அஜிஷா மருந்துப் பெட்டியைக் கொண்டுவர, டெல்சிபாய் பழைய பழக்கத்தில் தானே வாங்கித் துடைத்துக் கட்டினாள்.

“தெனமும் இதில ஏறித்தான் அட்டென்டன்ஸ் போடறீங்களாம்மா?” என்று அஜிஷாவிடம் கேட்டார்.

“ரெண்டு நேரம், சார். காலத்தையும் உச்சைக்கும்.”

அவர் இளையவரைக் கூப்பிட்டு, கரையில் எடுத்த போட்டோவை அழிக்கச் சொன்னார். அறிக்கையை அங்கேயே கையால் எழுதினார். சேவை இல்லை என்று எழுதி, இல்லை என்பதன் கீழே கோடு போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. கோபுரத்துக்கு அனுமதி வந்தது. பிறகு காட்டுக்குள் பள்ளம் தோண்ட இன்னொரு துறையின் அனுமதி வேண்டியிருந்தது. அதற்கு எட்டு மாதம். ரேஷன் விவகாரத்தை மாவட்டத்தில் ஒரு அதிகாரி, டெல்லியைக் கேட்காமலேயே, ஒரே நாளில் தீர்த்துவைத்தார்: இந்த ஒன்பது குடியிருப்புக்கும் விரல் ரேகை வேண்டாம், நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு டெல்சிபாய் சந்தோஷப்படவே இல்லை. “இத மூணு வருசத்துக்கு முன்ன செய்ய ஒரு ஆளும் இல்லாம போச்சே,” என்று ஞானதாசனைப் பார்த்து எரிந்து விழுந்தாள். அவர் என்ன செய்வார், பாவம்.

டவருக்கான இரும்பு ஒரு லாரியில் வந்து வள்ளத்துறையில் இறங்கியது. இரும்பை அக்கரைக்குக் கொண்டுபோவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இல்லை. கரைவரை எங்கள் வேலை என்றது ஒரு தரப்பு. அக்கரையிலிருந்து எங்கள் வேலை என்றது மற்றது. நடுவில் இருந்த தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லை. இரும்பு நாற்பது நாள் மழையில் நனைந்து கிடந்தது. டெல்சிபாய் டெல்லியிலிருந்தும் இரணியலிலிருந்தும் ஓடும் ரயிலிலிருந்தும் போனில் சண்டை போட்டாள். கடைசியில் முளமூட்டுக்காரர்களே இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மூங்கில் பரப்பி, ஒன்பது நடையில் இரும்பைக் கொண்டுபோனார்கள். அரசாங்கத்தின் வேலையைச் செய்ததற்காக யாரும் அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். அப்போதும் கோபமாகத்தான்.

அவள் பதவியின் கடைசி வருடத்தில், பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை, இரணியல் முன்னறையில் போன் அடித்தது. அஜிஷா. பின்னணியில் காற்றுச் சத்தம் இல்லை. குழந்தைகள் கத்துகிற சத்தம் இருந்தது.

“சிஸ்டரம்மா, அங்கன்வாடிக்க உள்ள நின்னு பேசுகேன்.”

 டெல்சிபாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஜஸ்டஸை நோக்கி, கேளுங்க என்று கை காட்டிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“கேக்குதா மக்ளே? தெளிவா கேக்குதே! அப்பா எங்க? மாத்தனக் கூப்பிடு.”

“அப்பா தோட்டத்தில. அவருகிட்ட நாளைக்குப் பேசுங்க. இப்ப இதக் கேளுங்க. டவரு சோலாரில ஓடுது. பக்கத்தில நிக்கிய மரம் எல்லாம் வெயில மறைக்குது. வெயிலு போனா டவரும் போச்சி. காலத்த பத்து மணிக்கு வருது, நாலு மணிக்குப் போவுது. அணலி என்ன, பத்துக்கும் நாலுக்கும் நடுவிலயா கடிக்கும்? பேட்டரி சின்னதாம். பெருசு வேணும்னா யாருகிட்ட கேக்கணும்னு மெக்கானிக்குக்கே தெரியல்ல.”

ஜஸ்டஸ் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெல்சிபாய் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று நாற்பத்தைந்து.

“ஹெட்கிளார்க் சார்,” என்று உள்ளே இருந்த ஞானதாசனுக்குக் குரல் கொடுத்தாள். “பேனா எடுத்துட்டு வாரும். சீக்கிரம். பதினஞ்சு நிமிசம்தான் இருக்கு.” பிறகு போனிடம், “ஏட்டி அஜிஷா, பைய ஒண்ணொண்ணா சொல்லு. அந்தப் பேட்டரியில என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல பாத்துச் சொல்லு,” என்றாள்.